மணலுக்குக் கணக்குண்டு! மாந்தனுக்கு உண்டா?

கட்டடம் எழும்பும் இடம் ஒன்றிற்குச் சென்று பாருங்கள். மணல் வண்டி உள்ளே நுழையும்போதே அதன் அளவைக் குறித்துக்கொள்ள ஒருவன் நிற்கின்றான். பைஞ்சுதை மூட்டைகள் எண்ணி இறக்கப்படுகின்றன, எண்ணி அடுக்கப்படுகின்றன. இத்தனை வந்தன, இத்தனை செலவாயின, இத்தனை இருப்பு என்று மாலைதோறும் ஏட்டில் ஏறுகின்றது. இரும்புக் கம்பி எடையிட்டு வாங்கப்படுகின்றது. வெட்டியபின் எஞ்சும் துண்டுக்கும் கணக்குண்டு. ஒரு மூட்டை குறைந்தால் காவலாளைக் கேட்கின்றனர். ஒரு கட்டுக் கம்பி காணாமற் போனால் காவல் நிலையம் வரை செல்கின்றனர். ஆனால், அம்மணலைச் சலித்தவள் யார்? அம்மூட்டையைத் தலையில் ஏற்றி நான்காம் மாடிக்குக் கொண்டு சென்றவன் யார்? அக்கம்பியை வளைத்துக் கட்டியவன் எவ்வூரான்? அவன் அகவை என்ன? அவனுக்கு ஏதேனும் நேர்ந்தால் யாருக்குச் செய்தி சொல்வது? இவற்றுக்கு அங்கே விடையில்லை. விடை எழுத ஏடுமில்லை. "இன்றைக்குப் பன்னிரண்டு ஆள்" என்பதே கணக்கு. மாந்தன் அங்கே ஒரு தலை. தலைக்கு ஒரு நாட்கூலி. அதற்குமேல் அவன் யாருமல்லன்.

பள்ளியில் தமிழ் கற்பிக்கும் ஒருவனுக்குக் கட்டடத்துள் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கட்டடத்துள் எனக்கு வேலையில்லைதான், சொல்லுக்குள் வேலையுண்டு. மேலும், என் வகுப்பில் பத்தாம் வகுப்போடு நின்றுவிடும் பிள்ளைகளிற் பலர் எங்கே போகின்றனர் என்பதை நான் அறிவேன். கோடை விடுமுறைக்குச் சட்டி சுமக்கப் போன பையன் பள்ளி திறந்தபின் திரும்புவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை நாள்தோறும் அழைத்துப் பழகிய ஆசிரியனுக்கு, அப்பெயர் அடுத்த திங்களில் எந்த ஏட்டிலும் இல்லாமற் போகின்றது என்பது வெறுஞ் செய்தியன்று. பத்தாண்டு அவனுக்கு ஒரு பெயர் இருந்தது. வேலைக்குப் போன அன்றே அப்பெயர் 'ஆள்' ஆகிவிட்டது.

இந்தப் பெயரழிப்புக்கு நம் காலத்தார் சூட்டியிருக்கும் மணிமுடிதான் 'மனிதவள மேலாண்மை' என்னும் தொடர். பெருங்கட்டட நிறுவனங்களில் இப்பெயர் பொறித்த அறைகள் இருக்கின்றன. அவ்வறைகளில் பொறியாளரின் விடுப்பும், கணக்கரின் ஊதிய உயர்வும், மேலாளரின் பயணப்படியும் பார்க்கப்படுகின்றன. கலவை குழைப்பவனுக்கும் சாரம் கட்டுபவனுக்கும் அவ்வறையின் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதே தெரியாது. கட்டடத்தை எழுப்பும் மாந்தரை விட்டுவிட்டு, கட்டடத்தைப் பார்வையிடும் மாந்தரை மட்டும் பார்த்துக்கொள்வதற்கு ஏன் இத்தனை பெரிய பெயர்?

பெயரையே சற்று உரைத்துப் பார்ப்போம். நீர்வளம், நிலவளம், மலைவளம், கடல்வளம் என்கின்றோம். வளம் என்பது எடுத்துப் பயன்கொள்ளும் பொருள். அதற்கு வாயில்லை, வீடில்லை, பசியில்லை, 'போதும்' என்று சொல்லும் உரிமையில்லை. தோண்டத் தோண்டத் தரவேண்டும். தீர்ந்தால் வேறிடம் தேடவேண்டும். அவ்வரிசையில் மாந்தனையும் கொண்டுபோய் நிறுத்தியது எவ்வறிவு? மணல் ஒரு வளம், கல் ஒரு வளம், மாந்தனும் ஒரு வளம் எனின், மூன்றையும் ஒரே விலைப்பட்டியலில் எழுதுவதில் யாருக்குத் தயக்கம் வரும்? இந்தியத் தலைநகரில் கல்வி அமைச்சகம் என்று இருந்த பெயரை 1985-ஆம் ஆண்டில் மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் என்று மாற்றினர். 2020-ஆம் ஆண்டில்தான் அது மீண்டும் கல்வி அமைச்சகம் ஆயிற்று. இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டும் நம் வகுப்பறைப் பிள்ளைகள் அரசின் கண்ணுக்கு வளங்களாகவே இருந்தனர். சொல் மாறினால் பார்வை மாறும் என்று தமிழன்பர் நெடுநாளாகச் சொல்லி வருவது வீண்பேச்சன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இனிச் சொல்லை விட்டுத் தொழிலுக்கு வருவோம். ஆலைக்கும் கட்டட வேலைக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஆலை ஓரிடத்தில் நிற்கும்; பொருள் வெளியே போகும். கட்டட வேலையிலோ பொருள் நின்றுவிடும். தொழிலாளி வெளியே போவான். கடைக்கால் தோண்ட ஒரு கூட்டம், கம்பி கட்ட ஒரு கூட்டம், பலகை அடிக்க ஒரு கூட்டம், செங்கல் வைக்க ஒரு கூட்டம், பூச ஒரு கூட்டம், தரையோடு பதிக்க ஒரு கூட்டம், வண்ணம் தீட்ட ஒரு கூட்டம் என்று ஒரே கட்டடத்திற்குள் பல கூட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. தத்தம் வேலை முடிந்ததும் போகின்றன. ஆகவே ஒரு நிறுவனம் எல்லாரையும் ஆண்டு முழுதும் வைத்துக்கொள்ள இயலாது என்பது உண்மையே. இந்த இயற்கையான இடர்ப்பாட்டை நேர்மையாகத் தீர்க்கும் வழி ஒன்று உண்டு. அதனைச் சாக்காக வைத்துப் பொறுப்பைக் கைகழுவும் வழி ஒன்று உண்டு. நம் கட்டடத் தொழில் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டது.

அவ்வழி ஓர் ஏணியைப் போன்றது. கட்டடத்திற்கு உரியவர் ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றார். ஒப்பந்தக்காரர் வேலையைத் துண்டுதுண்டாக்கி உள்ளொப்பந்தக்காரரிடம் விடுகின்றார். அவர் மேத்திரியிடம் விடுகின்றார். மேத்திரி ஊருக்குப் போய் முன்பணம் கொடுத்து ஆள் பிடிக்கின்றார். அல்லது விடியற்காலையில் நாற்சந்தியில் கூடி நிற்கும் கூட்டத்துள் நாலு பேரைக் கைகாட்டி அழைத்துச் செல்கின்றார். மேலிருந்து பணம் இறங்குகின்றது. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் ஒட்டிக்கொள்கின்றது. கீழிருந்து உழைப்பு ஏறுகின்றது. அது மட்டும் எப்படியிலும் குறைவதில்லை. ஏணியின் உச்சியில் இருப்பவரைக் கேட்டால் "அவர்கள் என் ஆள்கள் அல்லர்" என்பார். நடுவில் இருப்பவரைக் கேட்டால் "மேத்திரியின் ஆள்கள்" என்பார். மேத்திரியைக் கேட்டால், "நானும் கூலிக்காரன்தானே, ஐயா!" என்பார். மேத்திரி என்னும் சொல் போர்த்துக்கீசியரின் 'மெசுத்ரே' என்பதிலிருந்து வந்தது. தொழிலில் தேர்ந்த தலைவன் என்பது அதன் பொருள். அத்தலைவனை ஆள்பிடிக்கும் தரகனாக ஆக்கிவிட்டதுதான் நம் மேலாண்மையின் வெற்றி!

இவ்வேணி வேலைக்காகக் கட்டப்பட்டது என்று நம்புகின்றீர்களா? இல்லை, அன்பர்களே! பெயர் கீழே இறங்காமலும், பொறுப்பு மேலே ஏறாமலும் இருப்பதற்காகவே கட்டப்பட்டது. பெயர் எழுதப்பட்டால் நாள் எழுதப்படும். நாள் எழுதப்பட்டால் கூலி எழுதப்படும். கூலி எழுதப்பட்டால் குறைகூலி வெளிப்படும். அகவை எழுதப்பட்டால் சிறுவன் வெளிப்படுவான். நேர்ச்சி நிகழ்ந்தால் ஈட்டுத்தொகைக்கு உரியவர் வெளிப்படுவர். ஒரு பெயரை எழுதாதிருப்பதில் இத்தனை ஊதியம் அடங்கியிருக்கின்றது. பெயரின்மை சோம்பலால் வந்ததன்று, கணக்கிட்டு வைத்தது.

2014-ஆம் ஆண்டு சூன் 28-ஆம் நாளை நினைவு கூருங்கள். அன்று காரிக்கிழமை; கிழமைக்கூலி கொடுக்கும் நாள். சென்னைக்குத் தென்மேற்கே மௌலிவாக்கத்தில், கட்டி முடிக்கப்படும் நிலையில் இருந்த பதினொரு மாடிக் கட்டடம், மழை பெய்துகொண்டிருந்த மாலையில் நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்தினர், ஒடியா நாட்டினர், நம் தமிழ்நாட்டினர் என்று எல்லாரும் அவ்விடிபாட்டுள் ஒன்றாகக் கிடந்தனர். மீட்புப் பணி நாட்கணக்கில் நடந்தது. அப்போது நாடெங்கும் எழுந்த முதற் கேள்வி, "உள்ளே எத்தனை பேர்?" என்பது. அதற்கு உறுதியான விடை தொடக்கத்தில் கிடைக்கவில்லை. தோண்டத் தோண்டத்தான் எண்ணிக்கை தெரிந்தது. எத்தனை மூட்டை பைஞ்சுதை அக்கட்டடத்துள் சென்றது என்று கேட்டிருந்தால் ஏட்டைப் புரட்டிச் சொல்லியிருப்பார்கள்! மாந்தரை எண்ணுவதற்கு மட்டும் மண்ணைத் தோண்ட வேண்டியிருந்தது. பக்கத்தில் நின்ற இணைக்கட்டடத்தை 2016-ஆம் ஆண்டு நவம்பரில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டடத்தைத் தகர்த்தார்களே அன்றி, அக்கட்டடத்தைப் பெயரிலிகளைக் கொண்டு கட்டிய முறையைத் தகர்த்தார்களா?

தகர்க்கவில்லை என்பதற்கு 2020-ஆம் ஆண்டு சான்று. அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுதும் அடைக்கப்பட்டபோது, வெளிமாநிலத் தொழிலாளர் சாலைகளில் நடந்தே ஊர் திரும்பியதை உலகம் பார்த்தது. நடந்தவரிற் பலர் வழியிலேயே மாண்டனர். அவ்வாண்டு செப்தம்பரில் நாடாளுமன்றத்தில் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, அவ்வாறு மாண்டோர் பற்றிய கணக்கு தம்மிடம் இல்லை என்று ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகம் விடை கூறிற்று. வாழும்போது எழுதப்படாத பெயர் சாகும்போது மட்டும் எப்படி எழுதப்படும்? 2025-ஆம் ஆண்டு செப்தம்பர் 30-இல் எண்ணூர் அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் இரும்பு அமைப்புச் சரிந்து, வெகுதொலைவிலிருந்து வந்த தொழிலாளர் 9 பேர் மாண்டனர். மௌலிவாக்கத்திற்கும் எண்ணூருக்கும் இடையே பதினோராண்டு கடந்திருந்தது. சாவு வந்த வழி வேறாயினும், செத்தவர் நின்ற படி ஏணியின் அதே கடைசிப் படிதான்.

"சட்டம் இல்லையா?" என்று கேட்பீர். சட்டத்திற்கு இந்நாட்டில் என்ன குறைவு? 1970-இல் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1979-இல் மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தொழிலாளர்க்கு ஒரு சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டு, அதன்கீழ் 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைந்தது. இந்தியாவிற்கே முன்னோடிகளுள் ஒன்றாகிய அவ்வாரியம் அரசினர் தாமே நினைத்துத் தந்த கொடையன்று. கட்டடத் தொழிலாளர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்று பெற்றது. உச்சமுறைமன்றத்தின் முன்னாள் நடுவர் கிருட்டிணையர் தலைமையில் எழுந்த இயக்கமும், அதனோடு நின்ற சங்கங்களும் இடைவிடாது வற்புறுத்தியதன் பயனாகவே 1996-இல் கட்டடத் தொழிலாளர்க்கென இந்தியா முழுமைக்குமான சட்டம் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களைப் பதிய வேண்டும். பதினெட்டு முதல் அறுபது அகவைக்குட்பட்டு, ஆண்டில் 90 நாள் வேலை செய்தவரை நலவாரியத்தில் சேர்க்க வேண்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யுமிடத்தில் குழந்தைகள் காப்பறை வேண்டும் என்றெல்லாம் அச்சட்டம் சொல்லிற்று. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை தீர்வை பெற்று அத்தொழிலாளர்க்கே செலவிட வேண்டும் என்றும் உடன்வந்த சட்டம் விதித்தது.

தீர்வை பெறப்பட்டது. செலவிடப்பட்டதா? 2018-ஆம் ஆண்டில் உச்சமுறைமன்றம் இவ்வழக்கில் தீர்ப்புக் கூறியபோது வெளிப்பட்ட கணக்கு இது: நாடு முழுதும் பெறப்பட்டது 37,000 கோடி உருபாவிற்கு மேல், தொழிலாளர்க்குச் செலவிடப்பட்டது ஏறத்தாழ 9,500 கோடி. எஞ்சியது கருவூலங்களில் உறங்கிற்று. யாருக்குக் கொடுப்பது? பெயர் தெரிந்தாலன்றோ கொடுப்பதற்கு! 2020-இல் நாடு அடைபட்டிருந்தபோது நலவாரியத்தில் பதிந்தவர்க்கு உதவித்தொகை சென்றது. பதியாதவன் தன் வியர்வையால் வந்த தீர்வைப் பணம் கருவூலத்தில் கிடக்க, தான் பட்டினி கிடந்தான். பெயரின்மை ஒரு சொற்சிக்கல் அன்று, நண்பர்களே! அது சோற்றுச் சிக்கல்.

1979-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்மவர் உற்று நோக்க வேண்டிய ஒரு கூறு இருந்தது. வெளிமாநிலம் செல்லும் தொழிலாளிக்கு அவன் படம் ஒட்டிய கைச்சுவடி ஒன்று தரவேண்டும். அதில் அவன் வேலை, கூலி, காலம், கழிவுத்தொகை யாவும் எழுதியிருக்க வேண்டும் என்றது அச்சட்டம். எம்மொழியில்? இந்தியிலும் ஆங்கிலத்திலும்! தொழிலாளியின் மொழி அவ்விரண்டும் அல்லவாயின், அவன் மொழியிலும்! பாருங்கள் அந்த வரிசையை. சுவடி யாருக்கு? தொழிலாளிக்கு. அவன் கூலி அவனுக்கு விளங்க வேண்டும் என்பதற்காகத் தரும் சுவடியில், அவன் மொழிக்குக் கடைசி இடம். அப்படியும் அச்சுவடியைக் கையில் வைத்திருந்த தொழிலாளியைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. அச்சட்டமும், முன்சொன்ன 1970, 1996-ஆம் ஆண்டுகளின் தொழிலாளர் சட்டங்களும் 2020-இல் இயற்றப்பட்ட தொகுப்புச் சட்டங்களுள் கரைக்கப்பட்டன. அவை 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வருவதாக ஒன்றிய அரசு அறிவித்தது. எல்லாத் தொழிலாளர்க்கும் பணியமர்த்த மடல் தரவேண்டும் என்கின்றது புதுச்சட்டம், நன்று. ஒப்பந்தத் தொழிலாளர் பற்றிய விதிகள் முன்பு இருபது பேர் இருந்தாலே பற்றின. இப்போது ஐம்பது பேர் வேண்டும் என்கின்றது அதே சட்டம். வேலையைத் துண்டாக்கவே பழகிய தொழிலில் ஐம்பதை நாற்பத்தொன்பதாக்குவது எவ்வளவு நேரத்து வேலை? ஒரு கையால் மடலைக் கொடுத்து, மறுகையால் முகவரியை அழிக்கின்றார்கள்!

ஒப்பந்தக்காரர் தரப்பையும் கேட்போம். கேளாது கண்டிப்பது தமிழ்மரபன்று. "ஆள்கள் நிலையாக நிற்பதில்லை, இன்று வருகின்றான், நாளை வேறிடம் போகின்றான், எழுதி என்ன பயன்?" என்கின்றனர். மணல் வண்டியும் நாளுக்கு ஒன்று வருகின்றது, எழுதவில்லையா? "பதிவும் மடலும் செலவை ஏற்றும்" என்கின்றனர். ஒரு பெயரை எழுத ஒரு தாளும் ஒரு தூவலும் போதும். செலவு எழுதுவதில் இல்லை; எழுதியபின் கொடுக்க வேண்டியதில் இருக்கின்றது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு இதைச் சொல்கின்றனர். "தொழிலாளியே பெயர் கொடுக்க விரும்புவதில்லை" என்பது மூன்றாவது வாதம். முன்பணம் பெற்றுக் கடனில் கட்டுண்டவன், பெயர் கொடுத்தால் வேலை போகும் என்று அஞ்சுகின்றான். அவ்வச்சத்தை ஊட்டியவரே அதனைச் சான்றாகக் காட்டுவது எவ்வகை நேர்மை?

உண்மையில், பெயரின்மையால் ஒப்பந்தக்காரரும் இழக்கின்றார். ஆனால் அவ்விழப்பு அவர் ஏட்டில் ஏறுவதில்லை. தூக்குக்குண்டு பிடிக்கத் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்பது எழுதப்படாத இடத்தில், சுவர் சாய்ந்தபின்தான் தெரிகின்றது. சாரத்தின் முடிச்சு எத்தனை சுற்று என்று கற்பிக்கப்படாதவன் கட்டிய சாரத்தில், அடுத்த நாள் வேறொருவன் ஏறுகின்றான். இவ்வாண்டு பழகிய கை, அடுத்த ஆண்டு எங்கே என்று தெரியாமையால், ஒவ்வொரு கட்டடத்திலும் பாடம் முதலிலிருந்து தொடங்குகின்றது. வேலையறிந்து, வேலைக்குரியவனை அறிந்து, அவ்வேலையை அவன் பொறுப்பில் விடுவதே வினைமுடிக்கும் வழி என்பதற்குத் திருவள்ளுவர் தெரிந்துவினையாடல் என ஓரதிகாரமே வகுத்தார். ஆளைத் தெரிவதுதான் முதற்படி. ஆளின் பெயரே தெரியாதவன் அவன் ஆற்றலைத் தெரிந்தது எப்படி?

இவ்வேணியின் கடைசிப் படிக்கும் கீழே நிற்பவர் ஒருவர் உண்டு; அவர் பெண். சித்தாள் என்று நாம் வழங்குவது சிற்றாள் என்பதன் திரிபு. கொத்துவேலை செய்பவனைக் கொத்தன் என்று நிறுத்தாமல் 'ஆர்' ஈறு சேர்த்துக் கொத்தனார் என்று மதித்த நம் மொழிவழக்கு, அவன் கைக்குக் கலவை கொண்டுவந்து கொடுத்தவளைச் சிற்றாள் என்றே விட்டுவிட்டது. இளைஞன் ஒருவன் எடுபிடியாக நுழைந்தால் சில ஆண்டுகளில் கரணை பிடிக்கின்றான், பிறகு கொத்தனார் ஆகின்றான், கூலி உயர்கின்றது. அதே நாளில் அதே இடத்தில் நுழைந்த பெண், தலையில் சும்மாடும் சட்டியுமாக இருபதாண்டு கழித்தும் சிற்றாளாகவே நிற்கின்றாள். இருபதாண்டு செங்கல் வரிசை எழும்புவதை அருகில் நின்று பார்த்த கண்ணுக்கு மட்டம் தெரியாதா? கேரளத்தில் குடும்பசிரீ அமைப்பின் வழியே பெண்கள் கொத்துவேலை பயின்று வீடு கட்டிக் காட்டியிருக்கின்றனர். ஆகவே குறை பெண்ணின் கையில் இல்லை. கரணையைக் கொடுக்காத கையில் இருக்கின்றது. படிநிலை உயர்வே இல்லாத ஒரு வேலையை மேலாண்மை என்று சொல்ல நாக்கூசவில்லையா?

இனி, நம்முள் சிலர் சொல்லும் ஒன்றுக்கும் விடை கூறவேண்டும். "வடக்கிலிருந்து ஆள் வந்து குவிவதால்தான் நம் தொழிலாளி கூலி இழந்தான், அவர்களைப் பற்றி நமக்கென்ன?" என்கின்றனர். நன்றாக எண்ணிப் பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடியா நாட்டிலிருந்தும் வந்தவனை ஒப்பந்தக்காரர் விரும்புவது அவன் கைத்திறனுக்காகவா? இல்லை. அவனுக்கு இங்கே உறவில்லை, சங்கமில்லை, மொழியில்லை. கேள்வி கேட்க வாயில்லை. பெயரில்லாதவன் மலிவானவன், அதனால் அவனைக் கொண்டுவருகின்றனர். அவன் பெயரையும் எழுதி, அவனுக்கும் நம்மவனுக்கும் ஒரே கூலியை ஏட்டில் ஏற்றினால், மலிவு என்னும் அந்த ஒரே கரணியம் அற்றுப்போகும். நம் தொழிலாளியின் கூலியைக் காக்க விரும்புவோன் அயல் தொழிலாளியின் பெயரையும் எழுதச் சொல்ல வேண்டும். அவனைப் பகைத்தால் ஒப்பந்தக்காரர் மகிழ்வார். அவனை எழுதினால் ஒப்பந்தக்காரர் அஞ்சுவார். எது வேண்டும் நமக்கு?

தாய்மொழியுரிமை தமிழனுக்கு மட்டும் உரியதென்று நாம் என்றும் சொன்னதில்லை. எம்மொழியில் ஒருவன் அம்மா என்று அழைத்தானோ, அம்மொழியில்தான் "மேலே பார், விலகு!" என்பதும் அவன் செவியில் ஏறும். சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. அங்குக் கட்டுமான இடங்களில் இடர் அறிவிக்கும் பலகைகளில் தமிழும் இடம்பெறுவது வழக்கம். நம் ஊர்ப் பிள்ளைகள் அதைப் படித்து உயிர் பிழைக்கின்றனர். கடல்கடந்த நாட்டில் தமிழனுக்குக் கிடைக்கும் அவ்வெழுத்து, தமிழ்நாட்டுக் கட்டடங்களிலேயே எத்தனை இடங்களில் இருக்கின்றது? பளபளக்கும் பலகைகளில் ஆங்கிலம். அவற்றின் கீழே படிக்கத் தெரியாமல் நிற்கும் மாந்தர். ஒப்பந்தத் தாள் ஆங்கிலம். அதன் அடியில் கைந்நாட்டு. படிக்க முடியாத தாளில் பெறும் கைந்நாட்டு இசைவாகுமா?

நம் முன்னோர் ஆள்கணக்கு அறியாதவரல்லர். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய இராசராசன், அங்குப் பணி செய்த தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரையும் பெயர் பெயராக, எத்தெரு, எத்தனையாம் வீடு என்பது வரை கல்லில் வெட்டுவித்தான். ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு நூறு கலம் நெல் என்று பங்கும் வகுத்தான். பணி செய்பவர் இறந்தாலோ ஊர் விட்டுப் போனாலோ அவ்விடத்திற்கு யார் உரியர் என்பதையும் எழுதினான். கோயிலை வகுத்த குஞ்சரமல்லன் இராசராசப் பெருந்தச்சன் பெயரும் அங்கே கல்லில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன்னர் உளியால் வெட்டிய கணக்கை, இன்று விரலால் தொட்டால் எழுதும் கருவி வைத்திருப்பவன் எழுத முடியாதென்றால் யார் நம்புவர்? ஆயினும் பழம்பெருமை பேசி நின்றுவிட நான் இதைச் சொல்லவில்லை. கோயிலுக்குள் பணி செய்தவர் பெயர் அங்கே இருக்கின்றது. அக்கல்லை இழுத்துத் தோள் தேய்ந்தவன் பெயர் அங்கும் இல்லை. அன்று விட்ட அக்குறையை இன்று நிரப்புவதே முன்னோர்க்கு நாம் செய்யும் சிறப்பு.

ஆகவே நாம் கேட்பவை இவை. முதலாவது, கட்டடம் சிறிதாயினும் பெரிதாயினும், மணல் ஏட்டின் பக்கத்தில் ஆள் ஏடு ஒன்று இருக்கவேண்டும். பெயர், ஊர், அகவை, வேலை, நாட்கூலி, நேர்ச்சியில் செய்தி அறிவிக்கவேண்டியவர் ஆகிய ஆறும் அதில் நாள்தோறும் ஏறவேண்டும். இரண்டாவது, அவ்வேடு மேத்திரியின் பையில் இல்லாமல், கட்டடத்திற்கு உரியவரின் பொறுப்பில் இருக்கவேண்டும். மூன்றாவது, தமிழ்நாட்டில் தொழிலாளிக்குத் தரும் தாள் தமிழில் இருக்கவேண்டும். அயன்மொழித் தொழிலாளிக்கு அவன் மொழியிலும் இருக்கவேண்டும். இடரறிவிப்புப் பலகைக்கும் இதுவே விதி. நான்காவது, ஆள் ஏட்டில் உள்ள ஒவ்வொரு பெயரையும் நலவாரியத்தில் பதிந்தாலன்றிக் கட்டட நிறைவுச் சான்று தரக்கூடாது. ஐந்தாவது, சிற்றாளாக இருக்கும் பெண்ணுக்குக் கொத்துவேலை பயிற்றி, தேறியவளுக்குக் கொத்தனாருக்குரிய பெயரும் கூலியும் தரவேண்டும்.

இவற்றை அரசினரிடம் கேட்போம், கேட்டுக்கொண்டே இருப்போம். ஆனால் அரசு செய்யும்வரை நாம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இவ்விதழைப் படிக்கும் அன்பர்களுள் எத்தனையோ பேர் இவ்வாண்டு வீடு கட்டுவீர்கள். அல்லது ஒரு சுவராவது எழுப்புவீர்கள். வீட்டிற்கு நல்ல தமிழ்ப் பெயர் சூட்டி, அதைக் கருங்கல்லில் பொறித்து வாயிலில் பதிப்பீர்கள், மகிழ்ச்சியே. அதற்கு முன் ஒரு நாற்பது பக்கச் சுவடி வாங்குங்கள். முதல் நாள் காலையில், வேலைக்கு வந்தவரை வரிசையாக அழைத்து, பெயர் கேட்டு எழுதுங்கள். "ஏ சித்தாள்!" என்று கூப்பிடாமல், எழுதிய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். காரிக்கிழமை மாலையில் கூலியை மேத்திரி கையில் மொத்தமாகத் திணிக்காமல், அவரவர் பெயருக்கு நேரே எழுதி அவரவர் கையில் கொடுங்கள். நலவாரியத்தில் பதியாதவருக்குப் பதிவதற்கு வேண்டிய வேலைச்சான்றை நீங்களே எழுதிக் கொடுங்கள். இதற்குப் பொருட்செலவில்லை, பெருமுயற்சியும் இல்லை. தமிழ்த் தொண்டு மேடையில்தான் நடக்கவேண்டும் என்னும் கட்டாயமும் இல்லை.

கூலி என்னும் சொல்லைத் திருவள்ளுவர் ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்தில், உடல்வருந்திய முயற்சியின் பயனுக்கு வைத்தார். இன்றோ அச்சொல்லை இழிசொல்லாக்கி, உழைப்பவனை அதனால் வைகின்றோம். ஆள் என்னும் சொல்லோ ஆளுதற்குரியவனைக் குறிப்பது. அதனை எண்ணிக்கைக்குரிய தலையாக்கிவிட்டோம். சொல்லை மீட்பது தமிழர் கடனாயின், அச்சொல்லுக்குரிய மாந்தனை மீட்பதும் அக்கடனின் பகுதியே. மணலை எண்ணும் கையே, மாந்தனையும் எண்ணு! எண்ணியதோடு நில்லாதே, எழுது! எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்டு!